நாலு பேர், நாலு பங்கு

அப்பா கணக்கு ஆசிரியர். லால்குடிப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பின்னங்களைச் சொல்லிக்கொடுத்தவர், தாம் கட்டிய வீட்டுக்கு 45 என்ற பகுதி எண்ணையும் எங்கள் அம்மாவின் மனைக்கு 135 என்ற பகுதி எண்ணையும் விட்டுவிட்டுப் போனார். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்குப் புரிவதற்கே சில ஆண்டுகள் ஆயின. இரண்டு தாரத்துப் பிள்ளைகள் இருந்தும் உயில் இல்லாத, எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளிலிருந்து அவ்வப்போது யாராவது சொத்தைப் பிரிக்க என்னிடம் வழி கேட்கிறார்கள். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் யார் யாருடைய பிள்ளை என்பதிலேயே பேச்சு சிக்கிக்கொள்கிறது என்பதால் எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. இது இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு குடும்பத்தில், அதிலும் தகப்பனார் தம் சம்பளத்தில் வாங்கிய சொத்தில் நடந்த கதை. பூர்வீகச் சொத்தின் கணக்கு வேறு.

எங்கள் அம்மா 1983இல் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. 1985இல் அப்பா மறுமணம் செய்துகொண்டார். பெரிய அத்தை பார்த்து முடித்த கல்யாணம் அது. சித்தியும் கணவரை இழந்தவர். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். சில மாதங்களில் என் பாவாடைகளை அவள் உடுத்தத் தொடங்கிவிட்டாள், அதற்குப் பிறகு தங்கை என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தோன்றியதில்லை. அந்த ஆண்டே அப்பா அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார். தந்தை பெயர் என்ற இடத்தில் தம் பெயரை எழுதி, தம் இனிஷியலையே கொடுத்துக் கையெழுத்திட்டார். 1987இல் கடைக்குட்டி பிறந்தான். எங்கள் எல்லாருக்கும் மேலே அப்பாயி இருந்தார், அப்பாவைப் பெற்றவர்.

ஓய்வு பெற்ற பிறகு அப்பாவின் நண்பர்கள் சிலர் உயில் எழுதி வைக்கச் சொன்னது எனக்குத் தெரியும். அவர் அதைத் தட்டிக்கழித்ததற்குச் சாவைப் பற்றிய பயம் காரணம் இல்லை. கணக்கு அவருக்கு அவ்வளவு எளிதாகத் தெரிந்தது. “நாலு பேர், நாலு பங்கு. இதுல எழுதறதுக்கு என்னப்பா இருக்கு?” என்பார். வீட்டில் எல்லாரும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். எழுதாமல் விட்டால் சட்டமும் அப்படித்தான் பிரிக்கும் என்று அவர் நம்பியிருந்தார். எழுதியிருந்தால், அதற்கு முத்திரைத்தாள்கூட வேண்டியிருந்திருக்காது. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருந்தால் போதும். பதிவுகூடக் கட்டாயம் இல்லை. 2014 கார்த்திகையில், மூன்று மாதம் படுக்கையில் இருந்து, அவர் இறந்தார். அந்த மூன்று மாதமும் அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, படுக்கை மாற்றியவள் தங்கை. நான் சென்னையிலிருந்து வாரக் கடைசியில் வந்துபோனேன்.

வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோதுதான் முதல் முடிச்சு தெரிந்தது. கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, பெயர்களை எழுதிக்கொண்டார். மனைவி, தாய், மகள், மகன், மகன். தங்கையின் பெயரைச் சொன்னதும் பேனாவை நிறுத்திவிட்டு, “இவங்க யாருக்குப் பொறந்தவங்க?” என்று கேட்டார். அலுவலகக் கேள்விதான், அவர் மரியாதையாகத்தான் கேட்டார், ஆனால் இருபத்தொன்பது ஆண்டுகளில் அந்த வீட்டுக்குள் யாரும் கேட்டிராத கேள்வி அது. உறவினர் ஒருவர், பள்ளிச் சான்றிதழிலும் குடும்ப அட்டையிலும் அப்பா பெயர்தானே இருக்கிறது, மகள் என்றே போட்டுவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். தங்கைதான் மறுத்தாள். “பெத்தவர் ஒருத்தர் இருந்தாரு. அவரை நான் இல்லைன்னு எழுதிக் கொடுக்க மாட்டேன்” என்றாள். அவள் சொன்னது மனசாட்சிக்கு மட்டும் சரியான பதில் அன்று, சட்டத்துக்கும் சரியான பதில். வாரிசுச் சான்றிதழ் உறவைக் காட்டும் தாள்தான், உரிமையை உண்டாக்கும் தாள் அன்று. தவறான தகவலில் வாங்கிய சான்றிதழை எவரும் பின்னால் எழுந்து ரத்து செய்ய வைக்கலாம், அதை நம்பி எழுதிய பத்திரங்கள் எல்லாம் அதோடு ஆட்டம் காணும். அவளுக்கு வேறோர் இடத்தில் உரிமை இருந்தது என்பதும், இங்கே மகள் என்று பொய்யாகப் பதிந்திருந்தால் அங்கே அவளுடைய வழக்கு வீணாகியிருக்கும் என்பதும் அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்து முதலில் முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகிறது. மகன், மகள், மனைவி, தாய், முன்பே இறந்துவிட்ட பிள்ளைகளின் வழிவந்தோர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இதில் தகப்பனார் இல்லை, அவர் இரண்டாம் வகுப்பு. உயிரோடிருக்கும் மகன், மகள், தாய் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, மனைவிக்கு ஒரு பங்கு. முதல் தாரத்துப் பிள்ளை, இரண்டாம் தாரத்துப் பிள்ளை என்ற ஏற்றத்தாழ்வு கிடையாது, பெண் திருமணமாகிப் போய்விட்டாளா என்ற கேள்வியும் கிடையாது. ஆனால் மகன், மகள் என்றால் பெற்ற பிள்ளை அல்லது முறையாகச் சுவீகாரம் எடுத்த பிள்ளை மட்டுமே. மனைவி முன்திருமணத்திலிருந்து அழைத்து வந்த பிள்ளை அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை, எத்தனை ஆண்டு வளர்த்திருந்தாலும், யாருடைய இனிஷியலைப் போட்டிருந்தாலும். அப்பா அவளைச் சுவீகாரம் எடுக்கவில்லை. மகளாகவே நடத்துகிறவளை எதற்குத் தனியாகச் சுவீகாரம் எடுப்பது என்று நினைத்திருப்பார்.

ஆக, அப்பா எண்ணிய நான்கு பேரில் ஒருத்தி கணக்கில் இல்லை. அவர் எண்ணாத இருவர், சித்தியும் அப்பாயியும், கணக்கில் வந்துவிட்டார்கள். வீடு ஐந்து பங்காயிற்று: சித்தி, அப்பாயி, நான், தம்பி, கடைக்குட்டி.

அந்தத் துக்கத்தில் யாரும் எதையும் பிரிக்க நினைக்கவில்லை. சித்தியும் அப்பாயியும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள், ஆசிரியரின் மனைவி என்ற முறையில் சித்திக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது, வீட்டு வரியை அப்பா பெயரிலேயே கட்டினோம். 2016இல் அப்பாயி இறந்தார். தொண்ணூறைத் தாண்டியவர், பேத்திகளிடம் வெற்றிலை இடித்துத் தரச் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அவருடைய ஐந்தில் ஒரு பங்கு தானாக எங்களிடம் திரும்பி வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல குடும்பங்கள் தவறும் இடம் இதுதான் என்று பிறகு அறிந்தேன்.

மகனிடமிருந்து வாரிசாகப் பெற்ற பங்கு அப்பாயியின் முழு உரிமைச் சொத்தாகிவிட்டது. அவரும் உயில் எழுதவில்லை. பெண்ணின் சொத்துக்கு வேறு வரிசை: முதலில் பிள்ளைகளும் கணவரும், முன்பே இறந்த பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் பிள்ளைகளும். தாத்தா எப்போதோ இறந்துவிட்டார். அப்பாயி பெற்றது மூன்று பேர், அப்பாவும் இரண்டு அத்தைகளும். எனவே அந்த ஐந்தில் ஒன்று மூன்றாகி, பதினைந்தில் ஒரு பங்கு வீதம் அத்தைகள் இருவருக்கும், அப்பாவின் கிளைக்கு ஒன்றுமாகப் போயிற்று. அப்பாவின் கிளை என்பது பிள்ளைகளான நாங்கள் மூவர். மருமகளாகிய சித்திக்கு மாமியார் சொத்தில் இந்த வரிசையில் இடம் இல்லை. பதினைந்தில் ஒன்றை மூன்றாக்கினால் நாற்பத்தைந்தில் ஒன்று. ஆக, வீட்டின் நாற்பத்தைந்து பாகங்களில் சித்திக்கு 9, எங்கள் மூவருக்கும் பத்துப் பத்து, அத்தைகளுக்கு மும்மூன்று. தம்பி இதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, அப்பா இருந்திருந்தால் வழிமுறைக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பார் என்றான்.

அப்பாயி தம் மகனுக்கு ஒரு நாள் முன்னால் போயிருந்தால் இந்த வீட்டில் அத்தைகளுக்குப் பங்கே வந்திருக்காது. சித்தி அப்பாவுக்கு முன்னால் போயிருந்தால், தங்கைக்கு எந்த வழியிலும் ஒரு செங்கல்கூடக் கிடைத்திருக்காது. உயில் இல்லாத வீட்டில் யார் யாருக்கு முன்னால் இறக்கிறார்கள் என்பதே உயிலாகிவிடுகிறது.

வீட்டை விட எனக்கு அதிகம் வலித்தது அம்மாவின் மனை. 1973இல் அம்மாவுக்குத் திருமணம் ஆனபோது அவருடைய அப்பா தானமாகச் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுத்த மனை அது, எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அம்மா வழிச் சொத்து என்பதால் அது எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் என்று ஊரே நினைத்தது, நாங்களும் நினைத்தோம். ஆனால் 1983இல் அம்மா உயிலின்றி இறந்த கணத்திலேயே அது மூன்றாகிவிட்டது: நான், தம்பி, அப்பா. கணவரும் பிள்ளைகளும் ஒரே படியில் நிற்கிறார்கள். அப்பாவுடைய மூன்றில் ஒரு பங்கு, 2014இல் அவருடைய மற்றச் சொத்துக்களைப் போலவே அவருடைய வாரிசுகளுக்குப் போயிற்று. வீட்டைப் போலவே அந்த மூன்றில் ஒன்றும் நாற்பத்தைந்தாகப் பிரிந்ததால் மனை முழுவதும் 135 பாகம். என் அம்மாவுக்கு என் தாத்தா கொடுத்த சீர் மனையில், அம்மாவை ஒருமுறைகூடப் பார்த்திராத சித்திக்கு 135இல் 9 பாகம்; அம்மா இறந்து நான்கு ஆண்டு கழித்துப் பிறந்த கடைக்குட்டிக்கு 10 பாகம்; அத்தைகளுக்கு மூன்று மூன்று. மீதி 110ஐ நானும் தம்பியும் ஆளுக்கு 55. முதல் தாரம் இறந்து மறுமணம் நடந்த வீடுகளில் இறந்தவளின் நகையும் நிலமும் யாருக்கு என்ற பேச்சு வரும்போதெல்லாம் “அது அவ பிள்ளைங்களுக்கு” என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். நியாயமான தீர்ப்புதான். அப்பா உயிரோடிருந்தபோது தம்முடைய மூன்றில் ஒன்றை எங்கள் இருவருக்கும் விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதியிருந்தால் அது சட்டப்படியும் செல்லும் தீர்ப்பாக இருந்திருக்கும்.

சித்திக்கும் எங்களுக்கும் இடையில் சட்டம் என்ன நினைக்கிறது என்பதையும் நான் அந்த நாட்களில்தான் படித்தேன். சித்தி உயிலின்றி இறந்தால் அவருடைய பங்கு அவர் பெற்ற பிள்ளைகளுக்கு, அதாவது கடைக்குட்டிக்கும் தங்கைக்கும், சரிபாதியாகப் போகும். சித்தியின் மகள் என்ற சொல்லுக்குள் தங்கை வருகிறாள், அவள் எந்தக் கணவருக்குப் பிறந்தவள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எங்கள் சின்ன அத்தைக்கு இது பொறுக்கவில்லை: “எங்கண்ணன் சம்பாதிச்சது யாரோ பெத்த பொண்ணுக்குப் போகுது, பெத்த பிள்ளைக்குப் போகலையா?” என்றார். கணவரிடமிருந்து வந்த சொத்து கணவரின் வாரிசுகளுக்கே திரும்பும் என்று ஒரு விதி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது அந்தப் பெண்ணுக்குச் சொந்தப் பிள்ளையோ அவர்களின் வழிவந்தவர்களோ இல்லாதபோது மட்டும். மாற்றாந்தாயின் சொத்தில் மூத்தாள் பிள்ளைகள் ‘மகன்’ என்ற சொல்லின் கீழ் வரமாட்டார்கள், கணவரின் வாரிசு என்ற அடுத்த படியில்தான் வருவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1987இலேயே சொல்லிவிட்டது. நானும் தம்பியும் அந்த இரண்டாவது படியில் நிற்கிறோம். எதிர்த்திசையில் பார்த்தால், தம்பியின் சொத்தில் சித்தி ‘தாய்’ இல்லை, ‘தகப்பனாரின் கைம்பெண்’. இரண்டாம் வகுப்பில் ஆறாவது வரிசை, அண்ணன் தம்பியின் கைம்பெண்களோடு சேர்த்து. இத்தனைக்கும், பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெற்றோர் என்றால் மாற்றாந்தாயும் அடக்கம். சோறு போடும் கணக்கில் அவர் எங்களுக்குத் தாய். சொத்துக் கணக்கில் இல்லை.

இதைவிட விசித்திரமான ஒன்றும் இருக்கிறது. இரண்டாம் வகுப்பில் சகோதரர், சகோதரி என்று வருமிடத்தில், ஒரே தாய்க்கு வேறு தந்தையரிடம் பிறந்தவர்களை அந்தச் சொற்கள் குறிக்கமாட்டா என்று சட்டத்திலேயே ஒரு விளக்கம் உண்டு. ஒரே தந்தைக்கு வேறு தாயரிடம் பிறந்தவர்கள் வருவார்கள். ஆக, கடைக்குட்டியின் சொத்துக்கு அந்த வரிசையில் நான் அக்கா. அவன் கிடந்த அதே வயிற்றில் கிடந்த தங்கை அக்கா இல்லை. சகோதரன் என்ற வடசொல்லைப் பிரித்தால் ‘ஒரே உதரத்தவன்’, ஒரே வயிற்றில் பிறந்தவன், என்றுதான் பொருள் வரும். நாங்கள் நால்வரில் அந்தச் சொல் பொருந்தும் ஓர் இணையைச் சட்டம் தேடி எடுத்து அப்புறப்படுத்தியிருக்கிறது. கடைக்குட்டிக்கு மனைவியும் மகனும் இருப்பதால் நடைமுறையில் இதற்கு வேலை வரப்போவதில்லை என்றாலும், இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனித் தங்கையின் இன்னொரு வீடு. அவளைப் பெற்றவர் 1982இல் இறந்தபோது, அவர் பெயரில் ஓர் ஏக்கர் சொச்சம் நஞ்சை இருந்தது. அவருடைய தாயார் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். எனவே அந்த நிலத்துக்கு முதல் வகுப்பு வாரிசுகள் இருவர்தான்: மனைவியான சித்தியும் இரண்டு வயது மகளும். ஆனால் 1985இல் சித்தி மறுமணம் செய்துகொண்டதும், அந்த வீட்டார் “வேற வீட்டுக்குப் போயாச்சு, இனி இங்க என்ன இருக்கு?” என்று சொல்லிவிட்டார்கள். சித்தியும் அப்படித்தான் போலும் என்று நம்பி, கட்டிய புடவையோடு வந்தவர். அவர்கள் பொய் சொன்னதாகக்கூட நான் நினைக்கவில்லை. 1856ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டம், மறுமணத்தை அனுமதித்த அதே கையோடு, முதல் கணவரின் சொத்தில் அவளுக்கிருந்த உரிமையை முடித்து வைத்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு அதற்குப் பிடிமானம் போயிற்று, 1983இல் அந்தப் பழைய சட்டமே நீக்கப்பட்டது. கணவர் இறந்த அன்றே மனைவியிடம் வந்து சேர்ந்துவிட்ட பங்கு, பின்னால் அவர் மறுமணம் செய்துகொண்டார் என்பதற்காகப் பறிபோகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2008இலும் உறுதிப்படுத்தியது. ஊர் மட்டும் இன்னும் 1856இலேயே இருக்கிறது. அம்மாவின் மறுமணம் மகளின் உரிமையைத் தொடவே தொடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நிலத்தின் பட்டா எப்போதோ அவளுடைய பெரியப்பாவின் பெயருக்கு மாறியிருந்தது. பட்டா மாறினால் உரிமை மாறிவிடாது. கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் அனுபவித்து வந்ததாலேயே மற்றவரின் உரிமை அழிந்துவிடாது. ஆனால் பெரியப்பா கூட்டுச் சொந்தக்காரரே இல்லையே என்பதால், நெடுங்கால அனுபவத்தைக் காட்டி அவர் தரப்பில் வாதாட இடம் உண்டு என்று வழக்கறிஞர் எச்சரித்தார். தங்கை யோசித்து, வழக்குக்குப் போவதற்கு முன் ஒரு முறை அந்த ஊருக்குப் போய்வருகிறேன் என்றாள். தன் பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போகவில்லை, தன் பிறப்புப் பதிவின் நகலை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு மேல் அது அவளுடைய கதை.

வங்கி வைப்புத்தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பா சித்தியை நியமனதாரராக, அதாவது நாமினியாக, போட்டிருந்தார், பணமும் சித்தியின் கைக்கு வந்தது. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, பங்கு வாரிசுகளுக்கே என்று பிற்பாடு தெரிந்தது. நாங்கள் யாரும் கேட்கவில்லை.

என்னிடம் வழி கேட்பவர்களில் பாதிப்பேர், முதல் மனைவி உயிரோடிருக்கும்போதே தகப்பனார் இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் நிலை எங்களுடையதிலிருந்து வேறு. அந்த இரண்டாவது திருமணம் செல்லாது, அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற முறையில் பங்கு இல்லை. ஆனால் அவர் பெற்ற பிள்ளைகள் தகப்பனாரின் சொத்தில் மற்றப் பிள்ளைகளோடு சமம். கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனாருக்கு வந்திருக்கக்கூடிய பங்கிலும் அவர்களுக்கு இடம் உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் பங்குக் கணக்கு வேறு, ஆனால் வளர்த்த பிள்ளை வாரிசு இல்லை என்பது மட்டும் அங்கும் அப்படியேதான்.

2022இல் வீட்டின் பின்கட்டுச் சுவர் விரிசல் விட்டது. வங்கிக் கடன் வாங்கி அதைக் கட்டலாம் என்று கடைக்குட்டி முயன்றபோது, வங்கி பட்டாவைக் கேட்டது. அப்போதுதான் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்தோம். அப்பா சொன்ன கணக்கைப் பத்திரத்தில் கொண்டுவர வேண்டும் என்பதில் எங்கள் நால்வருக்கும் கருத்து வேற்றுமை இல்லை, வழிதான் தெரியவில்லை. எங்கள் பங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கைக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று நினைத்தேன். விடுதலைப் பத்திரம் என்பது ஏற்கெனவே பங்கு உள்ளவருக்குத்தான் எழுத முடியும், அவளுக்கு இன்று பங்கே இல்லை என்றார் பத்திர எழுத்தர். அவளுக்குச் செட்டில்மென்ட் எழுதலாம், ஆனால் குடும்பத்தாருக்குள் எழுதினால் நூற்றுக்கு ஒன்று என்ற முத்திரைத் தீர்வை, அதற்கும் ஓர் உச்சவரம்பு; குடும்பத்தார் இல்லையென்றால் கிரயம் போல நூற்றுக்கு ஏழு. குடும்பம் என்ற அந்தப் பட்டியலை அவர் விரலால் ஓட்டிக் காட்டினார். பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர். “இதுல உங்க தங்கச்சிக்கு இடம் தேடணும்” என்றார்.

வழியைக் காட்டியது பெரிய அத்தை. தமக்கு எதுவும் வேண்டாம் என்றும், தம்முடைய மூன்று பாகத்தைச் சித்தி பெயருக்கே எழுதிக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். “நான்தானே கூட்டிட்டு வந்தேன் இந்த வீட்டுக்கு” என்றார். சித்தியின் 9 பாகம் 12 ஆயிற்று. சின்ன அத்தை தம் மூன்று பாகத்துக்குப் பணம் கேட்டார். உறவுக்குள் அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு, நான் சொல்ல மாட்டேன். அவருடைய அம்மாவிடமிருந்து சட்டப்படி அவருக்கு வந்த பங்கு அது, மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் பணம் சேர்த்துக் கொடுத்தோம், அவர் எங்கள் மூவருக்கும் விடுதலை எழுதினார். எங்களுக்கு ஆளுக்கு 11 ஆயிற்று. பிறகு சித்தி தம்முடைய 12 பாகத்தைத் தம் ஆயுட்காலம் வரை குடியிருக்கும் உரிமையோடு தங்கைக்குச் செட்டில்மென்ட் எழுதினார். தாய் மகளுக்கு எழுதியது என்பதால் சலுகைத் தீர்வைதான்.

அந்தப் பன்னிரண்டில் பாதி, சித்தி காலத்துக்குப் பிறகு கடைக்குட்டிக்கு வந்திருக்க வேண்டியது. தாயின் சொத்தில் தாய் உயிரோடிருக்கும்வரை பிள்ளைக்கு உரிமை ஏதும் இல்லை என்பதால் அவனுடைய சம்மதம் தேவைப்படவில்லை. அவன் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தான்.

அதே நாளில் சித்தி, அம்மாவின் மனையில் தமக்கிருந்த 135இல் 9 பாகத்தை எனக்கும் தம்பிக்கும் எழுதிக் கொடுத்தார். நாங்கள் கேட்கவில்லை. அம்மாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அக்கா என்றே சொல்லுவார், “அக்கா சொத்துல எனக்கென்ன வேலை?” என்றார். அதில் கடைக்குட்டிக்கு உள்ள பத்துப் பாகத்தை அவன் எழுதிக் கொடுக்கவில்லை. அப்பாவிடமிருந்து வந்ததைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னான். அதனால் அந்த மனையின் பட்டாவில் இன்று எங்கள் இருவரோடு அவன் பெயரும் நிற்கிறது, அத்தைகளின் மும்மூன்று பாகம் இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. மனையை விற்கும் எண்ணம் யாருக்கும் இல்லாததால் அது அப்படியே இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தம்பி காருக்குள்ளேயே கணக்குப் போட்டான். அப்பா சொன்ன கால் பங்கு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம். நாற்பத்தைந்தில் பன்னிரண்டு என்பது காலை விட அறுபதில் ஒரு பங்கு கூடுதல். எங்கள் மூவருக்கும் அந்த அறுபதில் ஒன்று மூன்றாகப் பிரிந்து குறைகிறது. வீட்டு மனை 2,400 சதுர அடி, அப்படியானால் தங்கைக்கு 40 சதுர அடி அதிகம். அதை என்ன செய்வது, திருப்பிக் கொடுத்துவிடவா என்று தங்கை கேட்டாள். கிணற்றடியில் துவைக்கும் கல்லும் முருங்கை மரமும் நிற்கும் இடம் சரியாக அவ்வளவுதான் இருக்கும், முருங்கைக்காயை மட்டும் பங்கு வைத்தால் போதும் என்றான் கடைக்குட்டி.